வாத்தியார் போட்ட முடிச்சு

யாய்சு
ஜூன், மழை பிடித்துக்கொண்ட வாரம்

கடலில் இருக்கும் என் கணவர் ஷோகிச்சி அவர்களுக்கு, கரையில் இருக்கும் கினுயோ பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் இசாமுவும் நலம். கூரைதான் நலமில்லை. நீங்கள் கிளம்புவதற்கு முன் ஏறி அடைத்த இடம் ஒழுகவில்லை. அதற்குப் பக்கத்து இடம் ஒழுகுகிறது, சரியாக நீங்கள் படுக்கும் இடத்துக்கு மேலே. அங்கே இப்போது வாளி படுத்திருக்கிறது. விடிய விடிய ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த வகையில் உங்களைவிடத் தேவலை.

உங்கள் தபால் அட்டை வந்து சேர்ந்தது. முன்பக்கம் கேப் டவுன் பென்குவின்கள். பின்பக்கம் "நலம். மீன் உண்டு." சூரை பிடிக்கப் போன கப்பலில் மீன் உண்டு என்ற செய்தியைப் படித்து நானும் மகனும் ஆச்சரியப்பட்டோம். பென்குவின்கள்தான் கொஞ்சம் மனசு விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தன. அட்டையை அடுப்பங்கரையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

எனக்கு மாசிக் கருவாட்டுக் கொட்டகை வேலை அப்படியேதான் போகிறது. புகை வாசம் தோலுக்குள்ளேயே போய்விட்டது. தெருவில் நடந்தால் ஊர்ப் பூனைகள் எழுந்து நின்று மரியாதை செய்கின்றன. நாற்பத்து நான்கு வயதில் ஒரு பெண்பிள்ளை பின்னால் இத்தனை பேர் வருவது பெருமைதான். எல்லோருக்கும் வால் இருக்கிறது என்பது ஒன்றுதான் குறை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில் உங்கள் முதலாளியின் மனைவி மகிதா அம்மாளுக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேச்சோடு பேச்சாக, உங்கள் வீட்டுக்காரருக்குக் கடல் ரொம்பத்தான் பிடித்துப்போய்விட்டது, இலையுதிர்காலத்தில் ஆள் மாற்றும்போது ஊருக்கு வரவில்லை, அப்படியே இன்னொரு சுற்றுப் போகிறேன் என்று கேட்டிருக்கிறாரே என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் தெரிந்தவள் மாதிரி சிரித்துவைத்தேன். என் தலையெல்லாம் சோப்பு நுரையாக இருந்ததால் முகம் தெரியவில்லை. ஆகஸ்டில் ஓபோன் பண்டிகை கழிந்ததும் முதலாளி முடிவு செய்வாராம். அதற்குள் நீங்கள் மாற்றிச் சொன்னால் பெயரை எடுத்துவிடுவாராம்.

ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. ஊருக்கு வந்தால் நீங்கள் மீன் சந்தைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவீர்கள். கேட்டால் அந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது என்பீர்கள். அந்தப் பக்கம் மீன் குடல் தொட்டி இருக்கிறது. நேர்த் தெருவில் வந்தால் ஒகிட்சு வாத்தியார் கராத்தே சொல்லித்தரும் டோஜோ வாசலைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

அந்த நாளை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கிக்பாக்ஸிங் என்று ஒன்று புதிதாக வந்து, டி.வி. வைத்திருந்த வீட்டிலெல்லாம் அதுவே ஓடிக்கொண்டிருந்த காலம். ஷிசுவோகா நகரத்து நெகிஷி தன் பயிற்சிக்கூடத்துக்கு ஆள் தேடி டோஜோ டோஜோவாக ஏறி இறங்கினான். வாத்தியாரிடம் கேட்காமல் நீங்கள் போனீர்கள். பளபளவென்று ஒரு ஊதா அரை டிராயரில் உங்களைத் தெருவே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தது. எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு நான் தட்டை வைத்துத் திரும்புவதற்குள் நீங்கள் ரிங்கில் படுத்துவிட்டீர்கள். என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலையில் டோஜோ சுவரில் மாட்டியிருந்த உங்கள் பெயர்ப் பலகையை வாத்தியார் கழற்றிவிட்டார். தோற்றதற்காக இல்லை. வெள்ளை உடை இல்லாமல் ரிங்கில் ஏறுகிறவன் பெயர் என் சுவரில் இருக்காது என்று சொல்லிவிட்டார். அந்த வசந்தத்திலேயே நீங்கள் கப்பலேறினீர்கள். இசாமுவுக்கு அப்போது ஆறு வயது.

அவனுக்கு இப்போது இருபத்தொன்று. ஐஸ் தொழிற்சாலை வேலை முடிந்ததும் ரயிலேறி நகரத்துக்குப் போகிறான். கணினி படிக்கிறேன் என்றான். கணினி கண்ணுக்குக் கீழே இப்படி ஊதா நிறமாக வீங்கவைக்கும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. துருவிக் கேட்டதில் சொல்லிவிட்டான். நெகிஷியின் கூடத்துக்குத்தான் போகிறானாம், இந்தத் தடவை உங்கள் கப்பல் புறப்பட்ட மாதத்திலிருந்தே.

கோபப்படுவீர்கள் என்று தெரியும். கப்பலில் எதையாவது உதையுங்கள், இஞ்சினை மட்டும் உதைக்காதீர்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பென்குவின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
கினுயோ

யாய்சு
ஜூலை, காற்றில்லாத நாள்

அன்புள்ள கணவருக்கு,

பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று வைத்துக்கொண்டேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பொய்களில் இது சுலபமானது.

மழை விட்டுவிட்டது. வாளியை எடுக்கவில்லை, பழகிவிட்டது.

ஊரில் பெரிய செய்தி ஒன்று. ஒகிட்சு வாத்தியார் கிளவுஸ் போட்டுக் கராத்தேப் போட்டி நடத்துகிறார். நீங்கள் படித்தது சரிதான், மறுபடி படிக்க வேண்டாம். அவருடைய கராத்தேயில் வெறுங்கையால் முகத்தில் குத்தக் கூடாது அல்லவா? அதனால் பிள்ளைகள் எல்லாம் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சண்டை போட்டே பழகிவிட்டார்கள். நெகிஷியின் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார்கள். உங்க ஆளுங்க முகத்தை வீட்டுல வச்சுட்டு வந்து சண்டை போடுறவங்க என்று ஒருவன் ரயிலிலேயே சொன்னானாம். அது வாத்தியார் காதுக்குப் போயிருக்கிறது. முகத்தில் குத்தலாம், கிளவுஸ் போட்டுக்கொண்டு, வெள்ளை உடையோடு, நம் முறைப்படி என்று அறிவித்துவிட்டார்.

கிளவுஸ் எங்கே இருக்கிறது? நெகிஷியிடம். ரிங்? நெகிஷியிடம். மணி, ரெஃபரி, முகத்துக்கு வாசலின் தடவும் ஆள்? எல்லாம் நெகிஷியிடம். பதினைந்து வருஷமாக முகம் பார்க்காத மனிதனுக்கு வாத்தியார் தூரிகையால் கடிதம் எழுதி அனுப்பினார். நெகிஷிக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் கோயில் பூசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் படிக்கச் சொன்னானாம். இதை எனக்குச் சொன்னது பூசாரியின் சம்சாரம். நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களைத் தவிர. மகிதா அம்மாளைத் தவிர.

நெகிஷி உடனே சம்மதித்துவிட்டான். டிக்கெட் விற்க அவனுக்கும் ஒரு சாக்கு வேண்டுமே. ஆனால் வாத்தியாரின் நிபந்தனைகள்தான் ஊர்ச் சிரிப்பாகிவிட்டன. பாட்டுப் போடக் கூடாது. சுற்று எண் அட்டையைத் தூக்கிக்கொண்டு அரை ஆடையில் பெண்கள் நடக்கக் கூடாது. ரிங் மூலைகளில் இருக்கும் கல்லீரல் மருந்து விளம்பரத்தை மூட வேண்டும். வெள்ளைத் துணி போட்டு மூடிப் பார்த்தார்களாம், சாவு வீடு மாதிரி இருக்கிறதாம். கிக்பாக்ஸிங் கூடத்துப் பையன்களும் கலந்துகொள்ளலாம், ஆனால் வெள்ளை உடையும் வெள்ளை பெல்ட்டும் கட்டியிருக்க வேண்டும். பெல்ட் அவிழ்ந்தால் சண்டையை நிறுத்திக் கட்டிவிட வேண்டும். மூன்றாம் தடவை அவிழ்ந்தால் ஒரு புள்ளி போய்விடும். கராத்தேக்காரன் என்றால் ஒழுங்காக உடுத்தியிருக்க வேண்டுமாம்.

வாத்தியார் மட்டும் ரிங்கில் ஏறப் போவதில்லை. தலைமை நடுவர் என்பதால் அன்றைக்குக் கோட்டும் டையும்தான். வெள்ளை உடை இல்லாமல் ஏறமாட்டார், பழைய சொல் பழைய சொல்தான். தொடக்கப் பேச்சு, பரிசு எல்லாம் தரையிலேயே. அதற்குத் தனியாக ஒரு பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறார்.

நம் வீட்டுப் பிள்ளை பெயர் கொடுத்துவிட்டான். எதிராளி யார் தெரியுமா? கசாமா. வாத்தியாரின் கையிலேயே வளர்ந்தவன், போன வருஷம் வெறுங்கைப் போட்டியில் ஜெயித்தவன், இப்போது டோஜோவில் வாத்தியாருக்கு அடுத்தது அவன்தான். காலால் உதைத்தால் விறகு பிளக்கிற மாதிரி இருக்கும் என்கிறார்கள். நான் மகனிடம், வேறு ஆள் கிடைக்கவில்லையா, கொஞ்சம் சின்னதாக, என்று கேட்டேன். சீட்டுக் குலுக்கி எடுத்தது, அம்மா, மீன் கடையில் பொறுக்கி எடுக்கிற மாதிரி இல்லை என்றான். வாய் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது.

நெகிஷியின் கூடத்தில் எல்லோருக்கும் எலாஸ்டிக் வைத்த டிராயர்தான். வெள்ளை உடை யாரிடமும் இல்லை. உங்கள் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அந்துருண்டை வாசம், பழைய உடை, அடியில் உங்கள் முதல் வெள்ளை பெல்ட். டோஜோவில் சேர்ந்த அன்றைக்கு வாத்தியார் தன் கையால் பெயர் எழுதிக் கொடுத்தது. மை இன்னும் போகவில்லை. உடையின் கால் இசாமுவுக்குக் குட்டை. கீழே துணி ஒட்டுப்போட்டேன். பார்த்தால் ஒட்டுத் தெரிகிறது, உதைத்தால் தெரியாது.

ஜெயிக்க வேண்டும் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவுக்கு எழுதினீங்களா, என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டான். நலம், மீன் உண்டு என்றார் என்று சொல்லிவிட்டேன்.

கினுயோ

யாய்சு
ஆகஸ்ட், ஓபோனுக்கு முன்

அன்புள்ள கணவருக்கு,

இந்தக் கடிதம் சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்பதால் மகிதா அம்மாள் கம்பெனிப் பையிலேயே போட்டு விமானத்தில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு மாதம் முதுகு தேய்த்துவிட ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர் முதுகு சிறியதல்ல. ஆகையால் கடைசிவரை படியுங்கள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இசாமு தோற்றான். பல்லெல்லாம் இருக்கிறது. இடது தொடை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. நேற்று முதல் மாடிப்படி இறங்குகிறான். இனி நிதானமாகப் படியுங்கள்.

நகரத்து விளையாட்டரங்கம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் டோஜோக்காரர்கள், முதுகை நிமிர்த்திக்கொண்டு, இருமக்கூடத் தயங்கிக்கொண்டு. மறுபக்கம் கிக்பாக்ஸிங் கூட்டம், செய்தித்தாளைச் சுருட்டி அடித்துக்கொண்டு, அவித்த சோயாக்காய் உரித்துத் தின்றுகொண்டு. எனக்கு இடம் சரியாக நடுவில் கிடைத்தது. ஒரு பக்கம் வணக்கம் சொன்னேன், மறுபக்கம் சோயாக்காய் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் உடை மாற்றும் அறையில் ஒரு கூத்து. பெல்ட் கட்டிக்கொள்வது எப்படி என்று இசாமு நெகிஷியைக் கேட்டிருக்கிறான். நெகிஷி தன் ஆட்களைப் பார்க்க, ஆட்கள் நெகிஷியைப் பார்க்க, கடைசியில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் கட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே கட்டுத்தான், மாசிக் கட்டுக்குப் போடுகிற கட்டு. கொட்டகையில் இன்றுவரை அது அவிழ்ந்ததில்லை. ஆனால் மாசி திரும்பி யாரையும் உதைப்பதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

மணி அடித்தது. கசாமா கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தான். நம்மவன் கிளவுஸால் முகத்தில் இரண்டு வைத்தான். டோஜோப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம். கசாமா மூக்கைத் துடைத்துக்கொண்டு, சரி அப்படியா என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு, நம்மவன் தொடையில் ஒன்று விட்டான். எனக்கு என் தொடை வலித்தது. இப்படியே கொடுக்கல் வாங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் சுற்று முடிவதற்குள் என் மாசிக் கட்டு அவிழ்ந்து பெல்ட் தரையில் விழுந்துவிட்டது. சட்டை திறந்துகொண்டது. நான் எழுந்து நின்று, இசாமு, சட்டையை மூடு, சளி பிடிக்கும் என்று கத்திவிட்டேன். இரண்டு பக்கமும் சிரித்தது. அன்றைக்கு இரண்டு கூட்டமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

கிளவுஸ் போட்ட கையால் பெல்ட் கட்ட முடியுமா? முடியாது. விதியை எழுதியபோது வாத்தியாருக்கு அது தோன்றவில்லை. அவர் வாழ்நாளில் கிளவுஸ் போட்டதில்லையே. ரெஃபரி கட்ட வந்தார். நெகிஷியின் ஆள், கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டியவர். தனக்குத் தெரிந்தபடி, ஷூ லேஸ் மாதிரி இரண்டு காது வைத்து ஒரு முடிச்சுப் போட்டார். பரிசுப் பொட்டலம் மாதிரி நம் பிள்ளை நின்றான். இரண்டாம் சுற்றில் கசாமாவின் கால் பட்டு அதுவும் அவிழ்ந்தது.

இன்னும் ஒரு தடவை அவிழ்ந்தால் ஒரு புள்ளி. சண்டையோ சமமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ரெஃபரி பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார். நெகிஷி மூலையிலிருந்து, பசை போட்டு ஒட்டுங்கடா என்கிறான். டோஜோக்காரர்களில் ஒருவன் ஏறிக் கட்டிவிட்டால் முடிந்தது, ஆனால் எதிராளிக்கு யார் போய்க் கட்டுவது? வாத்தியார் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

வாத்தியார் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தார். கோட்டும் டையுமாக, கயிற்றுக்கு நடுவில் தலையை நுழைத்து ரிங்கில் ஏறினார். நெகிஷியின் வாய் சும்மா இருக்குமா?

"வாத்தியாரே, வழி தவறி வந்துட்டீங்களா? அரை டிராயர் ஒண்ணு தரட்டுமா?"

அவர் காதில் வாங்கவில்லை. ரெஃபரி கையிலிருந்து பெல்ட்டை வாங்கினார். நுனியில் எழுத்தைப் பார்த்தார். கண்ணாடி மேசையில் இருந்தது போலிருக்கிறது, கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துப் படித்தார். தானே எழுதிய உங்கள் பெயரைத்தான். படித்துவிட்டு இசாமுவை மேலும் கீழும் பார்த்தார். என் ஒட்டுத்துணி வரைக்கும் பார்த்தார்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். முன்னால் நின்று கட்டப் பார்த்தார். வரவில்லை. வலது இடதாகிறது, மேலே போக வேண்டியது கீழே போகிறது. முடிச்சு சேர்ந்த புதிதில் பிள்ளைகள் போடுவது மாதிரி நட்டுக்குத்தலாக நின்றது. அவிழ்த்தார். மறுபடி கட்டினார். மறுபடியும் அதேதான். ஐம்பது வருஷமாகத் தன் இடுப்பில் கட்டிய கை அது, இன்னொருவர் இடுப்பில் கட்டியதே இல்லை. யாருக்கும் கட்டிவிடுகிற ஆளா அவர்? தெரியவில்லையென்றால் வீட்டுக்குப் போ என்றுதானே உங்களிடம்கூடச் சொன்னார்?

மேலே நின்றபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு இசாமுவுக்குப் பின்னால் போனார். பின்னாலிருந்து இரண்டு கையையும் அவன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். தன் இடுப்பு மாதிரி. இசாமுவுக்கு உங்கள் உயரம் அல்லவா, அவருக்கு எட்டவில்லை. கால்விரலில் எம்பி நின்று, முகவாயை அவன் தோளில் வைத்து, கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே கட்டினார். நம் பிள்ளை இரண்டு கிளவுஸையும் தூக்கிக்கொண்டு, போலீஸிடம் பிடிபட்டவன் மாதிரி அசையாமல் நின்றான்.

முதலில் சிரிப்பு வந்தது. கிக்பாக்ஸிங் பக்கம் ஒருவன் விசிலடித்தான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சோயாக்காய் உரிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. அந்த மனிதர் யாரையும் அப்படிக் கட்டிப்பிடித்து இந்த ஊர் பார்த்ததில்லை. அவர் வீட்டு அம்மாளே பார்த்திருக்க மாட்டார்.

கடைசியில் ஒரு இழுப்பு இழுத்தார். இசாமுவுக்கு மூச்சு நின்று வந்தது. காதோடு ஏதோ சொன்னார், இறங்கினார், ஷூவைப் போட்டுக்கொண்டார், மேசைக்குப் போய்க் கண்ணாடியை மாட்டினார். சண்டை தொடர்ந்தது.

மூன்றாம் சுற்றில் கசாமாவின் உதை தலையில் விழுந்தது. நம்மவன் உட்கார்ந்தான். படுக்கவில்லை, உட்கார்ந்தான். நான் அப்போது எந்தத் தேநீர்த் தட்டையும் கையில் வைத்திருக்கவில்லை, முழுக்கப் பார்த்தேன். ரெஃபரி எண்ணும்போது முழங்காலை ஊன்றி எழுந்தான். எழுந்து திரும்ப முன்னால்தான் போனான். முடிவில் நடுவர்கள் கசாமாவுக்குக் கொடுத்தார்கள், நியாயம்தான். முடிச்சு கடைசிவரை அவிழவில்லை. ரயிலில் வரும்போதும் பெல்ட்டோடுதான் வந்தான். எனக்குக் குத்தூசி வைத்துத்தான் வீட்டில் அவிழ்க்க முடிந்தது.

காதில் என்ன சொன்னார் என்று அவனைக் கேட்டேன். சொன்னான்.

"மூச்சை வயித்துல வைடா. ஒங்கப்பன் அன்னிக்கு நெஞ்சுல வச்சிருந்தான்."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். வாத்தியார் வீட்டில் இன்றுவரை டி.வி. கிடையாது. உங்கள் மூச்சு நெஞ்சில் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? விசாரித்தேன். விசாரிப்பதில் என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முடிதிருத்தும் கடைக்காரர் மனைவி, இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதால் தப்பில்லை என்று சொல்லிச் சொன்னார். அந்தச் சண்டை நடந்த நேரத்தில் வாத்தியார் அவர்கள் கடையில்தான் உட்கார்ந்திருந்தாராம், டி.வி.க்கு நேர் எதிர் நாற்காலியில், போர்வை போர்த்திக்கொண்டு. முடி வெட்டிக்கொள்ள வந்தேன் என்றாராம். அவர் தலையில் அப்போதே முடி இல்லை. கடைக்காரர் மரியாதைக்குக் கத்தரிக்கோலை மட்டும் காற்றில் சத்தம் போடவைத்தாராம். நீங்கள் விழுந்ததும் எழுந்து, காசு வைத்துவிட்டு, போர்வையோடே வாசல் வரைக்கும் போய்விட்டாராம்.

சண்டை முடிந்ததும் நான் இசாமுவுக்குக் குளிர்பானம் வாங்கப் போனபோது நடைபாதையில் வாத்தியார் எதிரே வந்தார். நான் இடுப்பு வளைத்து வணங்கினேன். பேசாமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நின்றார்.

"கப்பல் எப்ப வருது?" என்றார்.

இன்னொரு சுற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், வருவதாகத் தெரியவில்லை என்றேன். வீட்டுப் பேச்சை வெளியில் விட்டதற்கு மன்னிக்கவும், வாய் என்னைக் கேட்டுத் திறப்பதில்லை. திறந்ததுதான் திறந்தது என்று, அந்தப் பழைய பலகை இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டேன்.

"அதை அன்னிக்கே வெந்நீர் அடுப்புல போட்டேன்மா."

பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நல்லாக் கொதித்ததா என்று கேட்டேன். ஈரக் கட்டை, புகைஞ்சுது என்றார். போய்விட்டார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். மறுநாள் காலையில் டோஜோ கதவைத் திறந்த பிள்ளைகள் சுவரைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள். எல்லாப் பலகைக்கும் மேலே, முதல் ஆணியில் இருந்த வாத்தியாரின் பெயர்ப் பலகையைக் காணோம். அவரே கழற்றி எடுத்திருக்கிறார். கசாமாவும் பெரியவர்களும் போய்த் தரையில் தலை வைத்துக் கெஞ்சினார்களாம். அதற்கு அவர், வெள்ளை உடை இல்லாமல் ரிங்கில் ஏறினவன் பெயர் இந்தச் சுவரில் இருக்காது என்று சொன்னது யார், நேற்றைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறினது யார் என்று கேட்டாராம். அது கிக்பாக்ஸிங் இல்லையே, பெல்ட் கட்டத்தானே ஏறினீர்கள் என்று கசாமா சொல்லியிருக்கிறான். அதற்கு வாத்தியார் சொன்னதைக் கசாமா அப்படியே வந்து, இசாமுவின் தொடைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே எனக்குச் சொன்னான். ஆமாம், அவன்தான் ஒத்தடம் கொடுத்தான். இரண்டு நாளாக இங்கேதான் சாப்பாடு.

"முன்னாடி கழட்டினது முதல்ல மாட்டணும். அப்புறந்தான் என்னது. அவனைப் புதுப் பலகை கொண்டாரச் சொல்லு. அவன் கையாலயே எழுதணும். கோணலா இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

ஆக, இப்போது ஊரில் பலகை இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் கேப் டவுனில், ஒருவர் தன் சொந்த டோஜோவில். அவருக்கு எழுபத்திரண்டு வயதாகிறது என்பதை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. வகுப்புக்குப் போகும்போது முதல் ஆணியைப் பார்க்காமல் போகிறாராம். உங்கள் தந்திரம்தான்.

இசாமுவுக்கு நவம்பரில் நெகிஷி தன் ரிங்கில் ஒரு சண்டை ஏற்பாடு செய்திருக்கிறான். டிராயர்ச் சண்டை. போவான். நான் தடுக்கவில்லை, நீங்கள் தடுப்பதாக இருந்தால் இங்கே வந்து தடுங்கள். ரிங் மூலையில் தனக்கு வாளி பிடிக்க ஆள் வேண்டும் என்றான். நெகிஷியின் ஆட்கள் இருக்கிறார்களே என்றேன். இருக்கிறார்கள் என்றான். அடுப்பங்கரையில் ஒட்டிய பென்குவினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டி செய்கிறவரிடம் ஒரு சைப்ரஸ் துண்டு கேட்டு வாங்கி, பலகை அளவுக்கு அறுத்து இழைத்து வைத்திருக்கிறேன். நல்ல வாசம். என் கையெழுத்தில் உங்கள் பெயரை எழுதினால் வாத்தியார் கோணல் என்று சொல்ல மாட்டார், பூனை நடந்தது என்பார். எழுத வேண்டியவர் நீங்கள்தான். பலகை வெறுமனே அலமாரியில் கிடக்கிறது. முள்ளங்கி ஊறுகாய் நறுக்க அது ரொம்பத் தோதான அளவு என்று இன்று காலையில் எனக்குத் தோன்றியது. இன்றைக்குத் தோன்றியதோடு நிறுத்திக்கொண்டேன். குளிர்காலம் வரைக்கும் என்னை நான் நம்பமாட்டேன்.

முதலாளிக்கு நீங்கள் தந்தி கொடுத்தால் போதுமாம். மகிதா அம்மாளிடம் கேட்டுவிட்டேன். எனக்கு நீளக் கடிதம் எழுதச் சிரமப்பட வேண்டாம். நலம், மீன் உண்டு என்பதற்குக் கீழே ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும், எந்தச் சொல் என்று நான் சொல்லித்தர மாட்டேன். வரும்போது நேர்த் தெருவிலேயே வரலாம். மீன் குடல் தொட்டியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அந்தப் பக்கம் மனிதர் நடக்க முடியாது.

காற்றும் கடலும் உங்களுக்கு நல்லபடியாக இருக்கட்டும். வாளியை எந்த மாதம் எடுக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் கூரைக்காரனுக்குச் சொல்லிவைப்பேன்.

உங்கள்
கினுயோ